பாலம் வருது, கண்ண மூடிக்க

டெல்லியிலிருந்து விமானம் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் வலது பக்கம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் இருந்தால்தான் மலை தெரியும் என்று தம்பி சொல்லியிருந்தான். அவன் அதைச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

முதல் தடவை விமானத்தில் போய் இறங்கிய அன்று காஷ்மீரிலிருந்து போன் செய்தான். "மேகம் பஞ்சு மாதிரி இருக்கும்னு சொல்லுவானுங்கக்கா, நம்பாத. கிரைண்டர் கழுவி ஊத்துன தண்ணி மாதிரி இருக்கு" என்றான். இறங்கும்போது காது அடைத்துக்கொண்டதாம். "எடது காதுல யாரோ உக்காந்து மூச்சு வுடுற மாதிரியே இருக்குக்கா." எச்சிலை முழுங்கச் சொன்னேன். "முழுங்கி முழுங்கி வயிறே ரொம்பிருச்சு, சோறு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தான்.

அங்கே மலையைக் குடைந்து சாலை போடுகிற இடத்தில் அவனுக்கு எலக்ட்ரீசியன் வேலை. தை மாதத்தில் ஒருநாள் பாறை சரிந்தது. மூன்றாம் நாள் பெட்டி திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தாய்மாமன் சிங்காரவேலுதான் போய் வாங்கிக்கொண்டு ஆம்புலன்சில் உடன் வந்தார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் இறந்தவரைத் தூக்கி வந்தால் மட்டும் போதாது, கூப்பிட்டும் வர வேண்டும். உயிர் போன இடத்தைப் பார்த்து ரத்த சொந்தம் ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. வழியில் எந்த ஆறு வந்தாலும், ஆறு வருகிறது என்று சொல்லிக் கூட்டிவர வேண்டும். சொல்லாவிட்டால் அக்கரையிலேயே நின்றுவிடுவார்கள். கடைசியில் வாசலில் நின்று, வீடு வந்துவிட்டது, இறங்கிக்கொள் என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஒருவரை ஒரு தடவைதான் கூப்பிடலாம். பெற்றவள் மட்டும் கூப்பிடப் போகக் கூடாது. அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மாமா திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டார். காவிரியில் சொன்னார், கொள்ளிடத்தில் சொன்னார், வீட்டு வாசலில் சொன்னார். காஷ்மீரிலிருந்து திருச்சி வரைக்கும் அவர் யோசிக்கவே இல்லை. பிறகு நான் கேட்டபோது கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "ஆகாசத்துல வந்த பொணத்துக்கு ஆறு ஏதுன்னு நெனச்சிட்டேன் புள்ள."

தகனம் முடிந்து எட்டாம் நாள் அம்மாவுக்குக் குளிர ஆரம்பித்தது.

முதலில் பாதம். பிறகு முழங்கால் வரை. மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரை வந்தது. தா.பழூர் பக்கம் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. பகலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. அம்மா தம்பி வாங்கிவந்த கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் ஃபேன் போட்டு நான்கு மாதம் ஆகிறது. நான் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை செய்கிறேன். ஊசியோடு வந்து நானே ரத்தம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. காய்ச்சலும் இல்லை. பாதத்தைத் தொட்டால் மட்டும் பானைத் தண்ணீரில் கைவிட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லடி" என்றாள் அம்மா. "அவன் தண்ணில நிக்கிறான். கால எடுக்க மாட்டங்கறான். கூப்புட ஆளு இல்ல."

அதனால்தான் நான் காஷ்மீருக்குப் போகிறேன். மாமா தன் முறையைத் திருச்சியில் செலவழித்துவிட்டார். அம்மா போகக் கூடாது. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து தம்பியின் பேரை வாயால் சொல்லவில்லை. தப்பித் தவறி வேறெங்காவது சொல்லிவிட்டால் என் முறையும் போய்விடும்.

எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதற்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். காலி இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தார். ஏறும்போது நான் மாமாவிடம் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறார் போல.

"எந்த ஊரும்மா?"

"தா.பழூர் பக்கம்."

"அட! நான் பாடாலூரு. சுரேஷ்குமார்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரோட்டு மேலயே வூடு. ராவும் பகலும் லாரி சத்தம். இங்க ஆர்மில சேர்ந்தப்புறம்தான் நிம்மதியா தூங்குறேன்னா பாத்துக்க. டூரா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"தனியாவா வந்த?"

தலையாட்டினேன். விமானப் பணிப்பெண் தந்துவிட்டுப் போன சாண்ட்விச்சை அவர் பிரித்து மோந்து பார்த்தார். "இத நம்ம ஊரு காக்காகிட்ட வெச்சா, திதி எவனுக்குன்னு கேட்டுட்டுப் போயிரும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மூடி வைத்தார். "தப்பா எதாவது சொல்லிட்டனா?"

சொன்னேன். பெட்டியைப் பற்றியும் ஆறுகளைப் பற்றியும் அம்மாவின் கால்களைப் பற்றியும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் முப்பதாயிரம் அடி உயரத்தில் சொல்வது சுலபமாக இருந்தது.

"தம்பி பேரு என்னா?"

"இப்ப சொல்லக் கூடாதுண்ணே. அங்க எறங்கித்தான் சொல்லணும்."

"சரி" என்றார். "வெளிய பாத்துக்கிட்டே வா. சட்லெஜ் போயிருச்சு. அடுத்து பியாஸ் வரும், அப்புறம் ராவி, செனாப். பதினோரு வருஷமா போய்ட்டு வரேன். ஆத்தப் பாத்தே மணி சொல்லிருவேன்."

கீழே ஆறுகள் தெரிந்தன. மண் நிறத்தில், பாதி மணலாக, சித்திரை மாதத்துக் கொள்ளிடம் போலவே கிடந்தன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஐந்து ஆறுகள். அவற்றின் மேல் பாலமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

பாலம் என்றால் தம்பிக்குப் பயம். அரியலூரில் அவனுக்குப் பல் வைத்தியம் பார்த்த வருடம், வாரம் ஒருமுறை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போவேன். எனக்குப் பதிமூன்று வயது, அவனுக்கு ஒன்பது. சின்னத் தரைப்பாலமாக இருந்தாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். "பாலம் வருது, கண்ண மூடிக்க" என்று நான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாண்டியதும், "போயிருச்சு, தொறந்துக்க." ஒரு தடவை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். ஊர் வந்து இறங்கும் வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை.

பனிமலைகள் வந்தன. அவன் சொன்னது சரிதான், வலது பக்கத்தில்தான் வந்தன. ஒன்றின் பின் ஒன்றாக, யாரும் குடியிருக்காத வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்பது போல இருந்தன. பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவற்றின் நடுவில் இருந்த நிழல்கள்தான் தெரிந்தன. எந்த நிழலில் அவன் நிற்கிறான் என்று தேடினேன்.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாக வந்து ஜன்னல் மறைப்பை இழுத்துவிடச் சொன்னாள். என் அருகே வந்து சிரித்துக்கொண்டே விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள்.

"எதுக்குண்ணே மூடச் சொல்றாங்க?"

"மிலிட்டரி ஏர்போர்ட்டு இல்லியா. எறங்கும்போதும் ஏறும்போதும் ஜன்னல் மூடித்தான் இருக்கணும். படம் எடுத்துருவாங்கன்னு."

"நான் பாக்கணுமே."

"எறங்குனப்புறம் பாத்துக்கலாம் தங்கச்சி. எங்க ஓடிப் போவுது மலை?"

மறைப்பை இழுத்துவிட்டேன். எல்லா ஜன்னல்களும் மூடியதும் உள்ளே சினிமாக் கொட்டகையில் விளக்கணைத்த மாதிரி ஆனது. முன் வரிசையில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. விமானம் இறங்குவது வயிற்றில் மட்டும் தெரிந்தது. என் காதுகள் அடைத்துக்கொண்டன. தம்பி சொன்னது போலவே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. என் மூச்சுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சின்ன ஆட்டம், குண்டும் குழியுமான ரோட்டில் போவது போல. பிறகு பெரிதாக ஆடியது. தலைக்கு மேலே பெட்டிகள் கடகடத்தன. யாரோ சத்தமாக அல்லாவைக் கூப்பிட்டார்கள். சுரேஷ்குமார் அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, மழக்காத்து" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, விமானம் அப்படியே விழுந்தது. எவ்வளவு தூரம் விழுந்தது என்று தெரியாது. காலுக்குக் கீழே தரை இல்லை, எனக்கு எடையே இல்லை. நான் வலது கையால் ஜன்னல் மறைப்பையும் இடது கையால் நடுவிலிருந்த காலி இருக்கையையும் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மணி! டேய் மணிவேலு!"

விமானம் விழுவது நின்று, உறுமி, மூக்கைத் தூக்கி மேலே ஏறத் தொடங்கியது.

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வாயைக் கையால் பொத்தினேன். வந்தது வந்துவிட்டது. இரண்டு நாள் பயணமாகப் பல்லுக்குள் பிடித்து வைத்திருந்த பேர். மூடிய ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் மறைப்பைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன்.

சுரேஷ்குமார் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் பேரா?"

தலையாட்டினேன்.

"கூப்புட்டுட்டியா அப்ப?"

"தெரியாம வந்திருச்சுண்ணே. கீழ எறங்கிக் கூப்புடணும். அவன் இருந்த எடத்தப் பாத்து. இப்ப எப்புடி அவனுக்குக் கேக்கும்?"

விமானி பேச ஆரம்பித்தார். சுரேஷ்குமார் அண்ணன் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னார். "மழை, காத்து. ஓடுதளம் தெரியலயாம். இன்னொரு தடவ முயற்சி பண்ண மாட்டானாம். டெல்லிக்கே திரும்புறான்."

மேலே ஏறியதும் ஜன்னல்களைத் திறக்கலாம் என்றார்கள். திறந்தேன். இறக்கைக்குக் கீழே கிரைண்டர் கழுவிய தண்ணீர்தான் இருந்தது. பள்ளத்தாக்கு பின்பக்கம் போயிருந்தது. கழுத்தைத் திருப்பினால் மேகத்தின் கிழிசலில் கொஞ்சமாவது பச்சை தெரிந்திருக்கும், அந்தப் பக்கத்து ஜன்னல்களில் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் திரும்பவில்லை. என் தம்பி வேலை செய்த, செத்துப்போன அந்த இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

வலது காது பட்டென்று திறந்துகொண்டது. இன்ஜின் சத்தம் உள்ளே வந்தது. இடது காது திறக்கவில்லை. எச்சில் முழுங்கினேன், மூக்கைப் பிடித்து ஊதினேன். அதற்குள் மூச்சு போய் வந்துகொண்டே இருந்தது. என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணினேன். காதுக்குள் இருந்த மூச்சு நிற்கவில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் கையை நீட்டி, நடு இருக்கையிலிருந்த தன் தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜீலம் ஆறு பள்ளத்தாக்குக்கு உள்ளயே ஓடுது" என்றார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "அதத் தாண்டுனமா இல்லியான்னு எனக்கே தெரியல. எதுக்கும் சொல்லிரு."

நான் இடது பக்கம் லேசாகத் தலை சாய்த்து, உதடு அசையாமல் சொன்னேன். "பாலம் வருது, கண்ண மூடிக்க."

பாலம் ஒன்றும் வரவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு இதுதான் புரியும்.

"போயிருச்சு. தொறந்துக்க."

கீழே மேகம் மூடியிருந்தது. அண்ணன் கடிகாரத்தை வைத்தே சொன்னார். செனாப். ராவி. கொஞ்ச நேரம் கழித்து பியாஸ். ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னேன். அவர் அப்போதெல்லாம் முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிடும்போது பார்க்காமல் இருப்பது போல. சட்லெஜ் மேல் மேகம் விலகியிருந்தது. "இதுதான் கடைசி" என்றார். "இதுக்கு இந்தப் பக்கம் இன்னிக்கு நமக்கு ஆறு இல்ல."

டெல்லியில் இறங்கியதும் கவுண்டரில் கூட்டம் மொய்த்தது. நாளைக் காலை அதே விமானம், இல்லையென்றால் டிக்கெட்டை ரத்து செய்துகொள்ளலாம் என்றார்கள். நான் தூணோரம் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். வலது காதில் வைத்துத்தான் பேச முடிந்தது.

"எறங்கிட்டியா புள்ள? கூப்புட்டியா?"

"எறங்கல மாமா. மழன்னு திருப்பிட்டான். ஆனா கூப்புட்டுட்டேன்."

"எறங்காம எங்கேருந்து கூப்புட்ட?"

"மேலேருந்து. வண்டி ஆடுச்சு, பயத்துல வாயில வந்திருச்சு."

"ஆகாசத்துலேருந்தா?" என்றார் மாமா. "எல்லாம் என்னாலதான். நான் ஒரு முட்டாப்பய. இப்ப உன் மொறையும் போச்சே. நாளைக்கிப் போயி கீழ எறங்கி இன்னொரு தடவ கூப்புட்டுப் பாரு, ஆனது ஆவட்டும்."

"ஒரு தடவைக்கு மேல கூப்புடலாமா?"

"கூடாதுதான். அதுக்காவ அந்தப் புள்ளய அங்கயே வுட்டுட்டா வருவ?"

போனை அம்மா வாங்கினாள். அவள் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. தா.பழூரில் அன்றைக்கு வெயில் நூற்றி ஏழு.

"மேகலா. வரானா?"

நான் இடது காதுக்குள் உற்றுக் கேட்டேன். "தெரியலம்மா" என்றேன்.

சுரேஷ்குமார் அண்ணன் நாளைக்கான சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கும் சேர்த்து வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். "என்னா முடிவு? வரியா?"

"அவன் வந்திருந்தான்னா, நான் திரும்பிப் போனா அத்தன ஆத்தையும் அவன் திரும்பத் தாண்டணும்ண்ணே."

"வரலன்னா?"

வந்திருக்கிறானா என்று பார்க்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. அடைத்துக்கொண்ட ஒரு காது இருக்கிறது. விமானத்தில் ஏறிய பாதிப் பேருக்கு அடைக்கும் காது.

"காது அடச்சிருக்குண்ணே" என்றேன். "ரெண்டு நாளைக்கு இருக்கும்னு அவன் சொல்லியிருக்கான். அதுக்குள்ள வூட்டுக்குப் போயிரணும்."

அவர் புரிந்துகொண்டாரா தெரியாது. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "செட்டிகுளத்துக்காரன் ஒருத்தன் என்கூட இருந்தான்" என்றார். "ரெண்டு வருஷமாவுது. நாங்கதான் பெட்டியில வெச்சு அனுப்புனோம். யாரும் கூப்புட்டாங்களான்னு நான் கேட்டதே இல்ல. கூடப் பொறந்தவங்கதான் கூப்புடணுமா தங்கச்சி? கூட இருந்தவன் கூப்புட்டா வர மாட்டானா?"

"தெரியலண்ணே."

"பாக்கறேன்" என்றார்.

திரும்புவதற்கு எனக்கு விமான டிக்கெட் இருந்தது. அதை விட்டுவிட்டு ரயிலில் ஏறினேன். ரயிலென்றால் ஆறு கண்ணுக்குத் தெரியும், பாலம் காலுக்குத் தெரியும். சைடு லோயர் படுக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சம்பலில் சொன்னேன். நர்மதையில் சொன்னேன், அங்கே எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அதனால் என்னை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. கோதாவரி நீளமாக வந்தது. இடது காது அப்படியே இருந்தது. மூச்சு சில சமயம் வேகமாகவும் சில சமயம் தூங்குபவனுடையது போலவும் கேட்டது. நான் எதிர்த்திசையில் தலை வைத்துப் படுத்தாலும் அது மாறவில்லை.

இரண்டாம் நாள் இரவு கிருஷ்ணாவுக்கு முன்னால் தூங்கிவிட்டேன். அலாரம் வைத்திருந்தேன், போன் அணைந்து போயிருந்தது. கனவு ஒன்றும் இல்லை. காதுக்குள் இரண்டு மூச்சு சட்டென்று உள்ளே இழுபட்டது. பயந்த பிள்ளை இழுக்கிற மாதிரி. என் இடது மணிக்கட்டில் குளிர்ந்தது. எழுந்து உட்கார்ந்தேன். ரயில் சத்தம் மாறத் தொடங்கியிருந்தது, முதல் இரும்புத் தூண் ஜன்னலைக் கடந்தது.

"பாலம் வருது" என்றேன், வாய்விட்டே. "கண்ண மூடிக்க, கண்ண மூடிக்கடா."

மேல் படுக்கையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாலத்துக்கு முன்னால் என்னை எழுப்ப இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் அவசரம் இருக்கும்.

சென்னையில் மாறி அடுத்த ரயிலில் பாலாற்றையும் தென்பெண்ணையையும் வெள்ளாற்றையும் தாண்டினோம். வெள்ளாற்றில் தண்ணீரே இல்லை, இருந்தாலும் சொன்னேன். அரியலூரில் இறங்கியபோது மத்தியானம். பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் புழுதி பறந்துகொண்டிருந்தது. தா.பழூர் போகிற டவுன் பஸ்ஸில் இருவர் இருக்கையில் ஜன்னலோரம் விட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தேன். அவனுக்கு ஜன்னல் வேண்டும், வாந்தி வரும்.

கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு குடுங்க. காசு டிக்கெட்டு."

"உனக்குத்தான் ஃப்ரீ ஆச்சேம்மா. இன்னொண்ணு யாருக்கு?"

"தம்பிக்கு."

"தம்பி எங்க?"

நான் ஜன்னலோர இருக்கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். என் தலைமுடியையும் இரண்டு நாள் கசங்கிய உடையையும் பார்த்தார். ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். பின் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் காலியாக இருக்கிறதென்று அங்கே உட்கார வந்தார். "யோவ், அங்க ஆள் வருது" என்று கண்டக்டர் அங்கிருந்தே கத்தினார்.

தரைப்பாலம் ஒவ்வொன்றிலும் சொன்னேன். கடைசியாகப் பொன்னாற்று வாய்க்கால். எட்டடி அகலம்கூட இருக்காது. அங்கே எங்கள் ஊர் எல்லை ஆரம்பிக்கிறது.

தெரு காலியாக இருந்தது. நாய்கள் சுவரோரம் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தன. அவற்றில் ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் பார்த்தது, பிறகு எழுந்து வழியைவிட்டு ஒதுங்கிப் போய்ப் படுத்தது. நான் திரும்பவில்லை. வெயில் உச்சியைப் பிளந்தாலும் என் இடது தோளில் மட்டும் வியர்க்கவில்லை.

கதவு விரியத் திறந்திருந்தது. அம்மா நிலைப்படிக்கு உள்ளே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். மாமா உள்ளே சுவரில் சாய்ந்து நின்றார். நான் வாசலில் நின்றேன்.

சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்தான் மிச்சம். அதை ரயிலில் எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இப்போது வாய் திறக்கவில்லை. காதுக்குள் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அமைதியாக, ஊர் வந்துவிட்டது தெரிந்தவன் போல. சொன்னதும் இறங்கிவிடுவான். இறங்கியவன் பிறகு எங்கே போவான் என்று எந்த வழக்கமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லாவிட்டால் இப்படியே இருப்பான். பெரம்பலூர் கடையில் ஊசி குத்தும்போது, பஸ்ஸில் போகும்போது, தூங்கும்போது என் இடது காதில் இருப்பான். ஒரு காது போனால் என்ன. இன்னொன்று இருக்கிறது. இரண்டு நாளாக அவனோடு இருந்த அளவுக்கு, அவன் உயிரோடு இருந்த கடைசி மூன்று வருடத்தில்கூட நான் அவனோடு இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சிமென்ட் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது.

"ஏண்டி அங்கயே நிக்கிற?" என்றாள் அம்மா. கம்பளிக்கு வெளியே அவள் கால்விரல்கள் தெரிந்தன. நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. "உள்ள வுடுடி அவன."

அவள் சொன்னது எனக்கு வலது காதில் மட்டும்தான் கேட்டது.

"வூடு வந்திருச்சு மணி" என்றேன். "எறங்கிக்க." அவன் கண்ணை மூடியே வைத்திருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. "எல்லாப் பாலமும் போயிருச்சு. தொறந்துக்க."

காதுக்குள் ஏதோ விட்டுப்போனது. வலியே இல்லை. அந்தப் பக்கத்து உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விழுந்தது: போர் மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, முருங்கை மரத்தில் ஓர் அணில், மாமா மூக்கை உறிஞ்சுவது. என்னைத் தாண்டி நிலைப்படிக்குள் கொஞ்சம் குளிர்ந்த காற்று போன மாதிரி இருந்தது. அம்மா தலையை நிமிர்த்தி, என்னைப் பார்க்காமல், எனக்குப் பக்கத்தில் ஓரிடத்தைப் பார்த்தாள். பார்வை அப்படியே உள்வரை போய் அவன் சட்டை தொங்கும் கொடிக்கயிற்றடியில் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு காலால் கம்பளியைத் தள்ளினாள். ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"என்னாடி இப்புடி வேர்க்குது" என்றாள். "ஃபேனப் போடு."

உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டேன். நான்கு மாதத் தூசி உதிர்ந்தது, இறக்கைகள் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. மாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இடது காதை உள்ளங்கையால் இறுக்கி அடைத்துப் பார்த்தேன்.

ஒரு மூச்சு கேட்டது. என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். நின்றுவிட்டது.